தண்ணீருக்கு ஒரு சாண் மேலே

மார்ச் 7, சனி

பாப்பாவை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு வழக்கம்போல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நகராட்சி புதிதாகக் கட்டிய குளம். வாசலில் சரிவுப்பாதை, உள்ளே அகலமான கழிப்பறை, எல்லாம் சட்டப்படி இருக்கிறது. என்னைப் போன்றவர்களை உட்கார வைத்துத் தண்ணீரில் இறக்கும் லிஃப்ட்கூடக் கரையோரம் இருக்கிறது. காய்ச்சல்காரனைப் போல அதைத் தலை முதல் கால் வரை தார்ப்பாயால் போர்த்தி, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

கல்லூரி முடியும்வரை போட்டிகளில் நீந்தியவள் நான். விபத்துக்குப் பிறகு, நடக்க வேண்டும் என்ற ஆசைகூட மெல்ல மெல்ல அடங்கிவிட்டது. தண்ணீர் ஆசை மட்டும் போக மாட்டேன் என்கிறது. கதவு திறக்கும்போதெல்லாம் அந்தக் குளோரின் மருந்து வாசனை வந்து என்னை இழுக்கிறது.

மார்ச் 14, சனி

குளத்து மேலாளரிடம் கேட்டே விட்டேன். தங்கமான மனிதர். என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்.

"தண்ணில மருந்து போடுறோம்ல மேடம், பட்டா துரு பிடிச்சுடும். அதான் மூடி வச்சிருக்கோம்."

"தண்ணில இறங்குற லிஃப்ட்ல தண்ணி படக்கூடாதா?"

"அப்படி இல்ல. யாராவது வந்தா திறக்கலாம்."

"நான் வந்திருக்கேனே."

"முறையா வரணும்ல மேடம்."

எது முறை என்று அவருக்கும் தெரியவில்லை. மேலே கேட்டுச் சொல்கிறாராம். மேலே என்றால் எங்கே, வானத்திலா?

வீடு வரும்வரை என் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். "விடேன். பாப்பா கத்துக்கிட்டா போதாதா?" என்றார். போதாது. பிள்ளை நனைந்தால் அம்மாவுக்குக் குளிர்ந்துவிடுமா? நான் நனைய வேண்டும்.

மார்ச் 16, திங்கள்

கனவிலும் தார்ப்பாய்.

மார்ச் 21, சனி

பாப்பா இன்று மிதந்தாள். என்னைப் பார்த்துக் கையாட்டி, ஆட்டியதாலேயே மூழ்கி, இருமிக்கொண்டு எழுந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். ஆனந்தக் கண்ணீர் என்று இவரிடம் சொன்னேன். பாதிதான் உண்மை. பெற்ற பிள்ளை மேலேயே பொறாமை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மார்ச் 26, வியாழன்

மேலாளர் போன் செய்தார். "நல்ல சேதி மேடம். சனிக்கிழமை லிஃப்ட்டைத் திறக்குறோம். நீங்கதான் முதல்ல உட்காரணும்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இவர்தான், "ஏன் திடீர்னு?" என்று இழுத்தார். நல்லது நடந்தால்கூட இந்த மனிதருக்குச் சந்தேகம். பெட்டியின் அடியில் கிடந்த நீச்சல் உடையை எடுத்தேன், எலாஸ்டிக் இற்றுப் போயிருக்கிறது. சாயந்திரம் இவர் புதிது வாங்கி வந்தார். என் அளவை மறந்துவிட்டிருக்கிறார். தொளதொளவென்று இருக்கிறது, ஆனாலும் இன்னும் கழற்ற மனம் வரவில்லை.

மார்ச் 28, சனி

வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்திருந்தார். மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க. அதற்குத்தான் நான். நீச்சல் உடையில் என்னைப் பார்த்ததும் மேலாளர் திகைத்துப்போனார். "எதுக்கு மேடம் இதெல்லாம்? சும்மா உட்கார்ந்தா போதுமே."

உட்கார வைத்தார்கள். பெல்ட் மாட்டினார்கள். தூக்கி, குளத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினார்கள். என் பாதத்துக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண் இடைவெளி. போட்டோ எடுத்தார்கள். அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார்.

"சரி, திருப்புங்க" என்றார் மேலாளர்.

"இறக்குங்க" என்றேன்.

"நனைஞ்சா துடைச்சுக் காய வைக்கணும் மேடம்."

என்னையா, லிஃப்ட்டையா? — அது கரைப்பக்கம் திரும்பத் தொடங்கிவிட்டது. இவ்வளவு கிட்ட வந்துவிட்டு — முடியாதுடா சாமி. பெல்ட்டைக் கழற்றினேன். கையை ஊன்றி முன்னால் சரிந்தேன்.

உள்ளே சத்தமே இல்லை. கைகள் தாமாக விரிந்தன, அவை ஒன்றையும் மறக்கவில்லை. மேலே வந்து மல்லாந்தேன். நாள் முழுக்க நான் தூக்கித் தூக்கி வைக்கும் இந்தக் கால்கள், யாரும் தொடாமலேயே மிதந்து வந்து என் கண்ணெதிரே நின்றன. குதித்து வந்த லைஃப்கார்டு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொடாமல் பக்கத்திலேயே நின்றாள். "நல்லா இருக்கீங்களா அக்கா?" நல்லா இருந்தேன். ரொம்ப நல்லா இருந்தேன்.

"மேடம் விழுந்துட்டாங்க" என்று மேலாளர் பதறினார்.

"விழல. குதிச்சாங்க" என்றாள் பாப்பா.

என்னை வெளியே எடுக்க வேறு வழி இல்லை. லிஃப்ட்டைத் தண்ணீரில் இறக்கத்தான் வேண்டியிருந்தது.

மார்ச் 30, திங்கள்

இன்று காலை இவர் காப்பியை நீட்டியபடி, "சொல்லியிருந்தா நானும் குதிச்சிருப்பேன்" என்றார். இவருக்கு நீச்சல் தெரியாது.

ஏப்ரல் 11, சனி

பாப்பா மட்டும் போனாள். நான் போகவில்லை. வெட்கமா, பயமா? மறுபடியும் கட்டிவைத்திருப்பார்கள், அதைப் பார்க்கத் தெம்பில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

மேலாளர் போன். வசதி இயங்குகிறது என்று எழுதித் தர அந்த அதிகாரி மறுத்துவிட்டாராம். வாரம் ஒரு நாளாவது ஆட்களை இறக்கி ஏற்ற வேண்டுமாம். "சனிக்கிழமை காலைல வச்சிருக்கோம். வாங்க மேடம். ஆனா பெல்ட்ல மட்டும் கை வைக்காதீங்க, புண்ணியமாப் போகும்."

மே 2, சனி

தார்ப்பாய் இல்லை. லிஃப்ட்டுக்குக் காத்திருப்பவர்கள் இருந்தார்கள். எனக்கு முன்னால் பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர் தண்ணீரில் இருந்தார். அவர் முறை எப்போதோ முடிந்துவிட்டது. "இன்னும் கொஞ்ச நேரம்" என்று குழந்தை மாதிரி கெஞ்சினார். மேலாளர் தர்மசங்கடமாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இருக்கட்டும் சார். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றேன்.

பச்சைப் பொய்.