இரு துறைகளுக்கு நடுவே ஒரு விரிசல்

அனுப்புநர்:
பாறையை ஒட்டிய கடைசி வீட்டுத் தையற்காரி.

பெறுநர்:
வட்டார நிர்வாக அதிகாரி அவர்கள்.

பொருள்: என் வீட்டுப் பின்னறைக்கு மேல் நிற்கும் பாறையைச் செடிகள் பிளந்து வருவது – உடன் நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய மனுவும், அதற்குக் கிடைத்த இரண்டு கைவிரிப்புகளும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி பின்னறையில் இடுப்பெலும்பு முறிந்த என் கணவர் படுத்திருக்கிறார். பேருந்து ஓட்டியவர். இப்போது எழுந்து ஓட முடியாது. அவர் தலைமாட்டுக்கு நேர் மேலே பாறை துருத்திக்கொண்டு நிற்கிறது. என் பயம் இவ்வளவுதான்; மற்றதெல்லாம் விளக்கம்.

2. நாங்கள் குடிவந்தபோது பாறையில் பாசி மட்டுமே இருந்தது. கண்ணுக்குக் குளிர்ச்சி என்று நானும் மகிழ்ந்தேன். பள்ளியில் அறிவியல் நடத்தும் என் மகள்தான் விவரம் சொன்னாள். பாசி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறதாம். அதிலிருந்து கசியும் புளிப்பு கல்லை மெல்ல அரிக்கிறதாம். அரித்த தூளும் செத்த பாசியும் சேர்ந்து ஒரு பிடி மண்ணாகி, அதில் புல்லும் பிறகு மரமும் வருமாம். வந்துவிட்டது. பறவை எச்சத்தில் முளைத்த அத்தி, விரிசலுக்குள் வேரை விட்டுப் பருத்துக்கொண்டிருக்கிறது. உலகத்து மண்ணில் பாதி இப்படித்தான் உண்டானது என்கிறாள். உண்டாகட்டும். என் கணவர் தலைக்கு மேல் உண்டாக வேண்டாம் என்பதே என் பணிவான கருத்து.

3. பின்பக்கம் ஏணி வைத்து ஏறி, விரிசலை என் தொழில் சாமான்களால் அளந்து வருகிறேன். முதலில் ஊசி நுழைந்தது. பிறகு கத்தரிக்கோலின் ஓர் அலகு. இந்த மழைக்கு முன் என் கையே மணிக்கட்டு வரை போனது. மிஷினில் உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. பாதியில் எழுந்து எழுந்து போனதில் ஒரு சட்டைக்குக் கைகளை இடவலம் மாற்றித் தைத்து, பேச்சும் வாங்கினேன்.

4. கனிமத் துறையினர் வந்து, பாறை உறுதியானது, மரம்தான் தொந்தரவு, மரம் தங்களுடையது அல்ல என்றனர். தோட்டத் துறையினர் வந்து, மரம் ஆரோக்கியமானது, இடம்தான் சரியில்லை, இடம் தங்களுடையது அல்ல என்றனர். போகிற போக்கில், வெட்டினால் அபராதம் என்று மரத்தில் ஒரு தகட்டையும் மாட்டிச் சென்றனர். நடுவிலுள்ள விரிசல் யாருடையது என்று கேட்டேன். அவர்களில் மூத்தவர், "ஏம்மா, இந்தப் பாறைக்கு வயசு பல கோடி வருஷம். உங்க வீட்டுக்காகவா இன்னைக்கு விழப்போகுது?" என்றார். பல கோடி வருடத்துக்கும் ஒரு கடைசி நாள் இருக்குமே என்ற பதில், அவர் வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்குத் தோன்றியது. எனவே இங்கே எழுதுகிறேன்.

5. என் கணவரோ, "அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு இருக்கேன், நீ ஏன் கிடந்து அலையுற?" என்கிறார். கூரை மறைப்பதால் அவருக்குப் பாறை தெரியாது. எனக்குத் தெரிகிறது, ஐயா.

ஆகவே தாங்கள் நேரில் வர வேண்டுகிறேன். மழையிலேயே வாருங்கள், வெயிலில் வந்தால் பாசி காய்ந்து, செத்ததுபோல் நடிக்கும். கிளையை மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரை ஒழித்து, தளர்ந்த கல்லை இறக்கித் தர உத்தரவிடுங்கள். விரிசல் எந்தத் துறைக்கு என்பதைப் பிறகு நிதானமாகத் தீர்மானித்துக்கொள்ளலாம்.

இடம்: முன்னறை
தேதி: மழை பிடித்த இரண்டாம் நாள்

இப்படிக்கு,
(ஒப்பம்)
தையற்காரி

இணைப்பு: கல் ஒன்று. மனுவை உறையிலிடும் முன், முதுகு துடைத்துவிட அவரை உட்கார வைத்திருந்தேன். அப்போது கூரையை உடைத்துக்கொண்டு இது தலையணையில் விழுந்தது. அவரைத் துணி வெட்டும் மேசையில் படுக்க வைத்திருக்கிறேன். அடிபடவில்லை; மனுவுக்கு உறையை அவரே விரித்துப் பிடித்திருக்கிறார். கல்லின் ஒரு பக்கம் பாசி பச்சையாகவே இருக்கிறது. கோப்புக்குள் நெடுநாள் வைத்துவிடாதீர்கள்.