நான் திருத்திக் கொடுத்த நரகம்

நேற்று பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் நிலையத்துப் படிகளை விட்டு இறங்கியதும், ஒரு பெண் என் கையில் ஒரு தாளைத் திணித்துவிட்டுப் போனார். நான்காக மடித்த மஞ்சள் தாள். வாழையிலைக் கடையிலிருந்து வந்த ரசத்தின் வாசனையை மீறிக்கொண்டு அச்சு மை மணத்தது. பிரிக்காமலேயே உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பிரித்தேன். மூன்றாவது பத்தி, இரண்டாவது வரி: ‘உனக்கு முன்னே போனவர்கள் அங்கே ஒரு வாய்த் தண்ணீருக்குக் கை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.’

நீ செத்து இரண்டு வருடமாகிறது. என் வரி சாகவில்லை.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சத்தம் போட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. என்ன சொல்வது? அம்மா, இதை எழுதியவன் நான்தான், இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பவில்லை என்றா? தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். சண்டை போட எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீதான். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

கிள்ளானில் ஒரே வகுப்பில் படித்தோம். நீ துறைமுகத்தில் லோரி ஓட்டப் போனாய். நான் பல்கலைக்கழகம் போய், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக உட்கார்ந்தேன். அதற்கு மேல் எனக்கு வர வேண்டிய பதவி வேறொருவனுக்குப் போனது. அது வேறு கதை, அதையும் நான் மறக்கவில்லை. பதினைந்து வருடம் நீ குடித்தாய். உன் மனைவி அழைக்கும்போதெல்லாம் வந்து உனக்குப் புத்தி சொன்னேன். பொறுமையாக, நல்ல தமிழில், காரண காரியத்தோடு. தலையாட்டிவிட்டு மறுநாளும் குடித்தாய்.

பிறகு ஒருநாள் கடைவீட்டு மாடியில் இருந்த ஒரு கிறிஸ்தவச் சபையின் கீழே, நட்ட நடுப்பகலில், தள்ளாடிக்கொண்டு நின்று ஒரு பலகையைப் படித்தாயாம். இன்று நீ செத்தால் எங்கே போவாய் என்று கேட்டதாம் அந்தப் பலகை. அன்றோடு விட்டாய். “உன் புத்திமதி என்ன நிறுத்துச்சா? அந்தப் பயம்தான்டா நிறுத்துச்சு” என்று என் முகத்துக்கு நேரே சொன்னாய். உண்மை அதுதான். ஒரு பலகையிடம் என்னைத் தோற்க வைத்ததற்காக உன்னை நான் மன்னிக்கவே இல்லை.

பலகையின் கடனைத் தீர்ப்பவன்போல நீயும் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு சனிக்கிழமைதோறும் பிரிக்பீல்ட்ஸில் நிற்க ஆரம்பித்தாய். அப்போதுதான் அந்தத் தாளோடு நீதிமன்றச் சிற்றுண்டிச்சாலைக்கு வந்தாய்.

“என்ன துவான், பசியாறிட்டியா?”

நீதிபதியை அழைக்கும் சொல்லால் என்னை அழைத்துக் கேலி செய்வது உன் வழக்கம். தாளை நீட்டினாய். ஆங்கிலத்திலிருந்து யாரோ கணினியில் போட்டு எடுத்த தமிழ். ‘நீங்கள் நரகத்திற்குச் செல்லத் தகுதி பெற்றுள்ளீர்கள்’ என்று ஆரம்பித்தது. நான் தேநீரைத் துப்பிவிட்டேன்.

“சிரிக்காத லா. படிக்கிறவன் எல்லாம் இப்படித்தான் சிரிக்கிறான். யாருக்கும் பயமே வரல. நீ கொஞ்சம் சரி பண்ணிக் கொடேன்.”

“நரகத்தையா?”

“தமிழ.”

பின்பக்கம், சட்டத்துக்குப் பயந்து, மலாயில் ‘முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும்’ என்று போட்டிருந்தது. “படிப்புல இல்ல, வேலையில இல்ல. நமக்குன்னு தனியா ஒதுக்கினது இது ஒண்ணுதான்டா” என்றேன். நீயும் சிரித்துவிட்டாய். அதுதான் நாம் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது என்று நினைக்கிறேன்.

என் தொழிலுக்கு ஒரே ஒரு விதி. சாட்சி சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. சாட்சி கதறினால் நான் கதறக் கூடாது. அவன் உளறினால் உளறலைத்தான் மொழிபெயர்க்க வேண்டும். இருபத்தைந்து வருடமாக அடுத்தவன் வாக்கியத்துக்குள் அடங்கிக் கிடந்தவன் கையில் நீ ஒரு பேனாவைக் கொடுத்து, இஷ்டப்படி எழுது என்றாய். ஆங்கிலத்தில் ‘அங்கே ஆறுதல் கிடையாது’ என்ற அளவில்தான் இருந்தது. வெறும் சப்பென்ற வரி. அதை அடித்துவிட்டுத்தான் அந்தத் தண்ணீர் வரியை எழுதினேன். எழுதி முடித்து ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். மயிர் கூச்செறிந்தது. பயத்தால் அல்ல, கர்வத்தால்.

நீ படித்துவிட்டுத் தாளைப் பத்திரமாக மடித்தாய். “இது போதும்” என்றாய்.

நாலைந்து மாதம் கழித்து அம்மா, அக்கா மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் பிரிக்பீல்ட்ஸ் போனார். கடையை விட்டு வெளியே வந்தபோது ஒரு பெண் சிரித்த முகத்தோடு தாளைக் கொடுத்திருக்கிறாள். அம்மா டெங்கில் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார். அச்சில் வந்ததெல்லாம் அரசாங்கமே சொன்னது மாதிரி அவருக்கு. எத்தனை நாள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படித்தாரோ தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, அப்பா படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது.

அப்பாவின் திதிக்குப் படைத்துத் தண்ணீர் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம்தான். ஆனால் அன்று திதி இல்லை. நான் இருந்த மூன்று மணி நேரத்தில் நான்கு முறை அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் வைத்தார். ஐந்தாவது முறை என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஐஸ் போட்டு வைக்கட்டாய்யா? உங்கப்பாவுக்குச் சூடு ஆகாது.”

அப்புறம் மெதுவாகக் கேட்டார்: “அவரு இன்னும் எரிஞ்சிக்கிட்டு இருக்காரா?”

அதற்கு இருபது வருடத்துக்கு முன் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன் நான். அது ஒரு மாலையோடு முடிந்த தீ என்றுதான் நினைத்திருந்தேன். தலையணைக்கு அடியிலிருந்து மஞ்சள் தாளை எடுத்துக் காட்டினார். என் வரியின்மேல் விரல் வைத்துக் காட்டினார். எல்லாம் பொய் என்று கத்தினேன். “நீ சாமியே கும்பிடமாட்ட. உனக்கு என்ன தெரியும்?” என்று சொல்லிவிட்டார். எழுதியது யாரென்று நான் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை உன்னைத் தேடி வந்தேன். நீ ஒலிபெருக்கியைச் சின்னத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு புடவைக் கடைகளுக்கு எதிரே நின்றிருந்தாய்.

“உங்கம்மாவுக்கு நான் கொடுக்கல” என்றாய்.

“யாரு கொடுத்தா என்ன? உங்க தாள்தானே?”

“எழுதினது நீதானே?”

அந்த அடியை வாங்கிக்கொண்டு நின்றேன். நீயே தொடர்ந்தாய். “வீடு தீப்பிடிச்சிருக்குடா. உள்ள தூங்குறவன மெதுவாத் தட்டியா எழுப்புவ? கத்தித்தான் எழுப்பணும்.”

“கத்துறதுக்கு முன்ன அந்தத் தீய நீ பாத்தியா? கோர்ட்டுல ஏறிச் சத்தியம் பண்ணிச் சொல்லுவியா?”

“உங்க கோயில் வாசல்ல மட்டும் என்ன வாழுதாம்? சனி பிடிக்கும், ராகு பிடிக்கும்னு பயமுறுத்தல? இருபத்தோரு பேருக்கு அனுப்பலன்னா ரத்தம் கக்குவேன்னு எனக்கே மெசேஜ் வருது லா.”

“அதையும்தான் திட்டுறேன். எங்கம்மா அதுக்கும் பயந்தவங்கதான். ஆனா அதுக்கு ஒரு பரிகாரம் இருக்குடா. ஒரு விளக்கு போட்டா மனசு ஆறிடும். உன் பலகை உன்ன மிரட்டுச்சு, நீ உயிரோட இருந்த, குடிய விட்ட. எங்கப்பா எதை விடுவாரு? அவரு செத்து இருபது வருஷம் ஆச்சுடா!”

எதிரே பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா எழுந்து கத்தினார்: “அண்ணே! மைக்க மூடிட்டுச் சண்ட போடுங்கண்ணே. ரோடே கேக்குது!”

நீ பதறி அதை அணைத்தாய். தெருவே நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டாய்: “இப்ப என்ன செய்யணுங்கிற?”

“வீட்டுக்கு வா. எங்கப்பா எரியலன்னு எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீ சொன்னா நம்புவாங்க.”

“என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?”

நான் திரும்பி நடந்தேன்.

ஆனால் மறுநாள் நீ வந்தாய். அதை மறைக்க மாட்டேன். சபையிலிருந்து நேரே, வெள்ளைச் சட்டையோடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாய். “வாப்பா, எளச்சிட்டியே, பசியாறினியா?” என்று அம்மா தோசை வார்க்கப் போனார். அப்பா படத்தையும் அதன் முன்னால் ஐஸ் மிதக்கும் டம்ளரையும் நீ பார்த்தாய். பொதுப்பணித்துறைச் சட்டையில் அப்பா முறைத்துக்கொண்டிருந்தார். தட்டில் வந்த தோசையைப் பிய்த்த உன் கை அப்படியே நின்றது.

அம்மா சுற்றி வளைக்கவில்லை. “நீ அவர் கையால சாப்பிட்ட பிள்ள. நீயே சொல்லு. அவரு அங்கதான் இருக்காரா?”

உன் கண்கள் நிறைந்தன. எனக்கு உன்மேல் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. சொல்லுடா, சொல்லித் தொலையடா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“தெரியலம்மா” என்றாய்.

“என்னாது?”

“எனக்குத் தெரியலம்மா. யாருக்கும் தெரியாது.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். “தெரியாதா? உங்களுக்கே தெரியாதா? தெரியாமத்தான் அச்சடிச்சு ஊரெல்லாம் கொடுக்கிறீங்களா? யாருடா அது எழுதினவன்? அவன முதல்ல கூட்டிட்டு வா!”

நீ என்னைப் பார்த்தாய். ஒரு கணம்தான். “எங்க ஆளுங்கதாம்மா” என்றாய்.

அம்மா உன்னை அரைமணி நேரம் திட்டினார். தலைகுனிந்து கேட்டுக்கொண்டு நான்கு தோசை சாப்பிட்டாய். அன்று சாயங்காலம் டம்ளர் காலியாகவே இருந்தது. அதற்குப் பிறகு திதிக்கு மட்டும்தான் தண்ணீர் வைத்தார்.

நான் உனக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் தெரியுமா? அடுத்த சனிக்கிழமை நான் பிரிக்பீல்ட்ஸ் வழியாகப் போனேன். நீ அதே இடத்தில் நின்று, அதே ஒலிபெருக்கியில், அதே நெருப்பைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தாய். துளிச் சந்தேகமில்லாத குரல். ஒரு கிழவியின் சமையலறையில் தெரியாது. நூறு பேர் போகிற தெருவில் மட்டும் தெரியுமா? கண்ணெதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் உங்கள் யாராலும் சொல்ல முடியாத ஒன்றை, கேள்வி கேட்க நிற்காதவர்கள் கையில் திணித்துவிட்டுப் போவதற்குப் பெயர் நற்செய்தியா? உனக்குத் தைரியம் இருந்திருந்தால் அந்தத் ‘தெரியல’வை ஒலிபெருக்கியில் சொல்லியிருக்க வேண்டும். அன்றோடு உன்னிடம் பேசுவதை நிறுத்தினேன்.

எனக்காகப் பொய் சொன்னாயே, அதற்கும்தான் கோபம். என் பங்கைச் சுமக்கச் சொல்லி உன்னை நான் கேட்டேனா? உனக்குச் சிறுநீரகம் போனது, வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். வரவில்லை. உன் இறுதிச் சடங்குக்கு வந்து கடைசி வரிசையில் நின்றேன். நீ பரலோகத்தில் இருக்கிறாய் என்று உங்கள் போதகர் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார். அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் அம்மா போய்விட்டார். கடைசி வாரம் கிள்ளான் வீட்டில், அப்பா படம் தெரிகிற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தோம். ஒரு நாள் மத்தியானம், மழைக்கு முந்திய புழுக்கத்தில், நான் விசிறிக்கொண்டிருந்தபோது கண்ணைத் திறந்தார்.

“அவரு நல்லா இருக்காராய்யா?”

எழுதியவனைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாரே, அவன் இதோ இருக்கிறான் என்று அன்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்று வாழ்ந்தவன், கையில் எந்தச் சாட்சியும் இல்லாமல் பேசினேன்.

“நல்லா இருக்காரும்மா. குளுகுளுன்னு ஒரு இடத்துல இருக்காரு. ஒங்களுக்காகத்தான் காத்திருக்காரு.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும்மா.”

அம்மா என் விரலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

நீ மிரட்டினாய், நான் ஆறுதல் சொன்னேன். இரண்டும் ஒன்றில்லை. நீ இருந்தால் இதைத்தான் உன்னிடம் மேசையைத் தட்டிச் சொல்லியிருப்பேன். இன்றைக்கும் அதுதான் என் கட்சி. உன் ஒலிபெருக்கிக்கும் அந்த மஞ்சள் தாளுக்கும் நான் எந்நாளும் நியாயம் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த ‘தெரியும்மா’ என் வாயிலிருந்து வந்த விதம் இன்னும் காதில் இருக்கிறது. துளிச் சந்தேகமில்லாத குரல். சனிக்கிழமைகளில் நான் கேட்ட குரல்.