உன் பெயரில் ஒப்புதல் தரமாட்டேன்

என் செல்லத் தம்பி ஜெபா,

நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் உன்னை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். சிரிக்காதே, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து உன் அம்மா போன் செய்தார்கள். உன் சட்டைகளை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லையாம். எனக்கும் உன் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்தால் எரிச்சலாக வருகிறது. டெங்கு என்று ஆறே நாளில் ஓர் ஆள் இல்லாமல் போக முடியுமா? எதற்கெடுத்தாலும் உனக்கு அவசரம்தான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக நம் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உலகம் முழுக்க ஜனங்கள் ஈமெயில் எழுதப் பயன்படுத்தும் ஒரு பெரிய கம்பெனி. தெலுங்கு பேசும் கச்சிபௌலியில் அதன் அலுவலகம். ‘இந்தக் கணக்கில் எழுதுகிற ஆள் யார், எங்கே இருக்கிறான்’ என்று அரசாங்கங்கள் கேட்கும் கடிதங்கள் நம் மேசைக்கு வரும். நான் தாள்களைச் சரிபார்த்துத் தயாரிப்பேன், நீ பார்த்து ஒப்புதல் கொடுப்பாய். இரண்டு பேர் லாகினும் விழுந்தால்தான் விவரம் வெளியே போகும். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது இன்னொருவர் கண்ணிலாவது படட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. நாம் என்ன செய்தோம்? ஒருவர் டீக்குப் போனால் வேலை தேங்கக் கூடாதென்று, ஒருவர் பாஸ்வேர்டை இன்னொருவர் வைத்துக்கொண்டோம்.

போன வருடம் அந்த நாட்டிலிருந்து முதல் கடிதம் வந்தது. ராணுவம் ஆளும் நாடு; தேர்தல் என்று பேசினாலே உள்ளே தள்ளிவிடுவார்கள். முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, குறிப்பு எண் இருந்தது. ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தோம். ‘மாதத்தின் சிறந்த ஜோடி’ என்று கைதட்டி, ஆளுக்கொரு காபிக் கோப்பை கொடுத்தார்கள். அந்த ஆள் செய்த குற்றம் என்ன என்று மட்டும் நாம் பார்க்கவில்லை. நம் படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாதே!

மூன்று மாதம் கழித்து, கேண்டீனில் நீ பேப்பரை விரித்துக் காட்டினாய். அதே பெயர். பள்ளிக்கூட வாத்தியாராம். வெள்ளத்தில் செத்தவர்களை அரசு மறைத்ததை நண்பருக்கு எழுதியதற்காக எட்டு வருடச் சிறை.

“எக்கா, நாமல்லா புடிச்சுக் குடுத்திருக்கோம்” என்றாய். சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளிவிட்டாய்.

“நாம என்னடா பண்ணோம்? பேப்பர் சரியா இருந்துச்சுல்ல” என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

இப்போது அதே நாட்டிலிருந்து இன்னொரு கடிதம். இந்த முறை ஒரு பெண்ணைக் கேட்கிறார்கள். இணைப்புத் தாள்கள்வரை ஒன்று விடாமல் படித்தேன். கைதாகிக் காணாமல் போனவர்களின் பெயர்களைத் தொகுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினாளாம். குற்றம் என்று அவர்களே எழுதியிருப்பது அவ்வளவுதான். நான் தயாரிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நம் மேனேஜர் கோபப்படவில்லை. தானே உட்கார்ந்து தயாரித்துவிட்டு என் மேசைக்கு வந்தார். சித்தூர்க்காரர், தமிழ் நன்றாகவே வரும். ஒப்புதல் கொடுக்கத்தான் ஆள் இல்லை. உன் லாகினையோ இன்னும் யாரும் மூடவில்லை.

“ஜெபராஜ் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமே. ஒரே ஒரு கிளிக் மேடம், அந்தே, அவ்வளவுதான்.”

“அவன் செத்துட்டான் சார்.”

“சிஸ்டம்ல இருக்கானே மேடம்.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “நக்கோ சார், நக்கோ!” என்று கத்திவிட்டேன். குஷாய்குடாவில் வளர்ந்த வாய், கோபம் வந்தால் ‘வேண்டாம்’ என்பதற்கு அந்த ஊர்ச் சொல்தான் முதலில் வரும். தளத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அவங்க நாடு, அவங்க சட்டம். மாட்டேன்னா நம்ம கம்பெனியத் தொரத்திடுவாங்க. அப்புறம் அந்த ஜனங்களுக்கு மெயிலே இருக்காது. அது பரவாயில்லையா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அன்று முழுக்க அதையே யோசித்தேன்.

துரத்தட்டுமே! மெயில் இல்லாவிட்டால் ஜனங்கள் காதோடு காதாகப் பேசிக்கொள்வார்கள். நம்மை நம்பி எழுதுகிறவர்களைத்தானே நாம் காட்டிக் கொடுக்கிறோம்? அதே நாட்டில் ஒரு செருப்புக் கடைக்காரர் நம் லோகோவைத் தன் பலகையில் வரைந்துவிட்டார் என்று ஏழு வழக்கறிஞர்களை அனுப்பிய கம்பெனி இது. ஒரு வாத்தியாருக்காக ஒரு வழக்கறிஞரைக்கூட அனுப்ப முடியாதா? இவ்வளவு பெரிய கம்பெனிக்கே பயம் என்றால் வேறு யார் தைரியமாக இருக்க வேண்டும்? பெயர்களை எழுதிவைத்த அந்தப் பெண்ணா?

மறுநாள் காலை என் சொந்த லாகினில் நுழைந்து ‘மறுப்பு’ கொடுத்தேன். காரணம் எழுதும் இடத்தில், ‘பெயர்களை எழுதியதைத் தவிர இவர் எதுவும் செய்யவில்லை’ என்று எழுதினேன். போன வருடம் நாம் இரண்டு பேரும் கொடுத்த விவரத்தால் ஒரு வாத்தியார் சிறையில் இருப்பதையும் எழுதி, தலைமை அலுவலகத்துக்கு நகல் அனுப்பினேன். அதில் உன் பெயரையும் சேர்த்துத்தான் எழுதினேன், ஜெபா. என் மேல் கோபமா? செத்துப்போன பிள்ளை மேல் எதற்குப் பழி என்று உன் அம்மா கேட்டால், நான் என்ன பதில் சொல்வேன்?

இப்போதைக்கு அந்தப் பெண்ணின் விவரம் போகவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை எனக்கு விசாரணை. இந்தக் கடிதத்தை அச்சில் போட்டதற்காக இன்னொரு விசாரணையும் வரலாம். வரட்டும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டாலும் சரி, உன் லாகினை என் கண்முன்னால் மூடாமல் அந்த அறையை விட்டு எழுந்திருக்கமாட்டேன். அந்தப் பெண்ணைப் பிடித்துக் கொடுத்தே தீர வேண்டுமென்றால், உயிரோடு இருக்கிற யாராவது தன் பெயரைப் போட்டுச் செய்யட்டும்.

உன்னோடு பிறக்காவிட்டாலும் உன் தப்பில் பாதியைச் செய்த,
வசந்தி அக்கா