அந்தப் பக்கம் கேட்டது

தொண்டாமுத்தூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஆஷ்லிக்கு அம்மா சூசைமேரி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். உனக்கு ஏழாம் மாதம், வேலை வேலை என்று அலையாதே. மாப்பிள்ளை கையூமையும் கேட்டதாகச் சொல். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன். உன் நாத்தனார் ரிஃபானா இதைப் படம் எடுத்து அனுப்புவாள்.

நெட் போன் சரியாகிவிட்டது. எல்லாம் யானையால் வந்த வினை. தோப்புக்குள் யானை வருகிறது என்று அப்பா கேமரா மாட்டினாரே, அதற்காக இன்னொரு ரவுட்டர் வாங்கி, பழையதன் பின்னாலேயே கோத்து, போன் ஒயரையும் அதிலேயே செருகிவிட்டார். அன்றிலிருந்து மணி அடிக்கும், உன் குரல் மட்டும் வராது. நான் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு, எப்போதாவது சத்தம் வரும் என்று ஸ்பீக்கரை அணைக்காமல் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ரிஃபானாவை வரச் சொன்னேன். ஆபீஸ்களுக்குப் போன் மாட்டுகிற கம்பெனியில்தானே இருக்கிறாள். ஒரே வீட்டுக்கு இரண்டு வாட்ச்மேன் போட்ட கதை என்றாள். வெளியே போகிற பேச்சை இரண்டு பெட்டியும் விட்டுவிடுமாம், உள்ளே வருவதை யாருக்கு என்று தெரியாமல் நிறுத்திவிடுமாம். புதுப் பெட்டியைச் சிக்னல் கடத்த மட்டும் என்று மாற்றினாள், உன் குரல் கணீரென்று வந்தது.

அப்படியென்றால் இத்தனை நாளும் நாங்கள் பேசியது உனக்குக் கேட்டிருக்கிறது. எனக்கும் கேட்கவில்லை என்று மெசேஜ் போட்டாயே, கள்ளி! ஏன் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்திலிருந்து உன் பெயரையே எடுக்காத மனுஷன், நான் உள்ளே போனதும் அந்தப் போன் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். ஒரு நாள் என் காதில் விழுந்தது. "கண்ணு, ஊட்டுக்கு வந்துரு. பிரசவத்த இங்கயே பாத்துக்கலாம். அந்தத் தம்பியையுங் கூட்டிட்டு வா" என்றார். சத்தமில்லாத போனில்தானே பேசுகிறார் என்று நான் கண்டுகொள்ளவில்லை. அடுப்படியில் நின்று அழுதேன்.

ரிஃபானா சரிசெய்ததும் அவளிடம், "ஏனம்மணி, அந்தப் பக்கம் கேட்டிருக்குமா?" என்று கேட்டார். "எல்லாமே கேட்டிருக்குங்க மாமா" என்றாள். மோட்டார் போடப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டார். மோட்டார் ஓடுகிற த்ரீ பேஸ் கரண்ட் வராத நேரம் அது. அரை மணி கழித்து வந்து, அந்தப் பொண்ணுக்கு டீ கொடுத்தாயா என்று என்னை அதட்டினார். சொன்னதை இல்லை என்று மறுக்கவில்லை. நேற்று உன் அறையிலிருந்த தேங்காய் மூட்டைகளை வெளியே எடுத்துப் போட்டார்.

அம்மணி, தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா கூப்பிடாமல் எப்படி வருவது என்றாய். கூப்பிட்டாகிவிட்டது, நீயும் கேட்டுவிட்டாய். நன்றாகக் கேட்கிற போனில் அந்த மனுஷன் இன்னொரு தடவை அதைச் சொல்லமாட்டார். அதற்காகக் காத்திருந்தால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். மாதா உங்கள் மூன்று பேரையும் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா.