மூன்று கை வலை

ஆத்தா,

எதிர்வீட்டுப் பையன் முபின் எழுதுகிறான், சொல்வது நான்தான், மகளே. போடிமெட்டு ஏறி உன் எஸ்டேட்டுக்கு நான் வர மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பு அனுப்பாதே.

வாதம் வந்த வலது கை இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. அதை விடு. வலையின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது பாதியை நான் வீசுகிறேன். வலது பாதியை இவன் வீசுகிறான். ஒரு மாதமாக வலை சுருண்டே விழுந்தது. கண்மாய்க்கரையில் எல்லாரும் சிரித்தார்கள். “சிரிச்சா சிரிக்கட்டும் தாத்தா, இன்னொருக்கா வீசுவோம்” என்று இவன்தான் விடவில்லை.

இன்று காலை வலை வட்டமாக விரிந்தது. ஒரே ஒரு கெண்டை. சிரித்தவர்கள் கண் முன்னால் தூக்கிக் காட்டினோம்.

என்னைப் பார்க்க வா, ஆத்தா. கூட்டிப்போக வராதே.

கீழே கோணலாக இருப்பதை மட்டும் நானே இடது கையால் எழுதினேன்.

அப்பா