நங்கூரமாகப் போன கல்

தியாகதுருகம்,
14.8.2009

அன்புள்ள செவ்வந்திக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அந்த ஊர் மழையில் உனக்கு மறுபடி இருமல் வராமல் இருந்தால் போதும். கல்வராயன் மலையிலும் மழைதான், மரவள்ளிக் கொல்லையில் தண்ணீர் தேங்கிவிட்டதென்று அப்பா விடிந்ததுமே போய்விட்டார். உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது, நீ போனில் கேட்டபோதெல்லாம் பள்ளிக்கூடத்தில் வேலை என்று தட்டிக்கழித்தேன், அது பொய்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் பிறந்த அலையாத்திக்குப்பத்துக்குப் போனேன். உன் கடிதத்தில், அங்கே பழைய சுங்கச் சாவடி பக்கத்தில் எழுத்து வெட்டிய கல் இருந்ததாக நூறு வருஷத்துக்கு முந்தைய கல்வெட்டு அறிக்கையில் பார்த்தேன், முகத்துவாரத்திலிருந்து அம்மன் கோயில் வரை கரை முழுதும் வலை இழுப்பவர்களுக்கே என்று அதில் இருக்கிறதாம், போட்டோ எடுத்து அனுப்பு என்று எழுதியிருந்தாய். உன் பழனி மாமா வீட்டோடு சேர்த்து அறுபது வீடுகளுக்கு காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், புயலுக்குப் பிறகு வந்து குந்தியவர்களாம். கப்பல் வந்து உப்பும் கருவாடும் ஏற்றிப்போன காலத்திலிருந்து அங்கே இருப்பவர்கள் நாங்கள். வருகிற இருபத்தெட்டாம் தேதி விசாரணை, அறிக்கை மட்டும் போதாது, கல்லைக் காட்டுங்கள் என்கிறார்களாம்.

அந்தக் கல் அங்கே இல்லை செவ்வந்தி, போவதற்கு முன்பே எனக்குத் தெரியும். அப்போது நான் காலேஜில் இரண்டாம் வருஷம், பொங்கல் லீவுக்கு வந்திருந்தேன். எங்கள் ஊரில் கல்லைத் துளைத்துக் கயிறு கட்டித்தான் நங்கூரம் போடுவார்கள். உன் தாத்தா மாயவன் தன் படகுக்கு அந்தக் கல்லைத்தான் பார்த்து வைத்திருந்தார். உளியை வைத்தவர் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். எழுத்து போட்டிருக்குது, நீ படிச்ச புள்ள, இன்னான்னு பாரு, சாமி சமாச்சாரம்னா வாணாம் என்றார். சுற்றி நாலு பேர் நின்றார்கள். பழைய எழுத்து, ஒன்றுகூட எனக்கு விளங்கவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, ஏதோ வரி சமாச்சாரம், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். காலேஜே சொல்லிடுச்சி, இன்னும் இன்னாத்துக்கு பாத்துக்கினு நிக்கிற, அடிண்ணே என்று என் சித்தப்பா பாவாடை சிரித்தார். அந்தக் கார்த்திகையிலேயே கல் கடலடிப் பாறையில் சிக்கி, கயிறு அறுந்து போய்விட்டது.

போன ஞாயிறு உன் மாமாவிடம் கல் நங்கூரமாகிக் கடலில் போனதை மட்டும் சொன்னேன். நம்ம அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, அவரு இன்னா பண்ணுவாரு, வுடுக்கா என்றான். ஊரில் எல்லோரும் அப்படிச் சொல்லவில்லை. மாயவன் கைநாட்டு, ஊரு தலையெழுத்தையே தொளை போட்டுட்டான் என்று வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் என் காதுபடவே பேசினார்கள். செத்துப்போன மனுஷன், என்னைக் கேட்டுத்தானே உளியைத் தொட்டார். நான் அவர்களைத் தாண்டி நடந்துவிட்டேன். அன்று மத்தியானமே மாமா அந்தப் பாறைக்குப் போய் மூழ்கித் தேடிவிட்டு வந்தான், காதில் ரத்தம். இருபது வருஷத்துக்கு மேல் மண்ணில் புதைந்த கல் எங்கே கிடைக்கும். தினமும் போகிறானாம், மாமி போனில் அழுகிறாள்.

உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். நாளை பள்ளியில் கொடியேற்றியதும் கிளம்புகிறேன். முதலில் அவனைத் தண்ணீரில் இறங்காமல் தடுக்க வேண்டும். பிறகு ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிட்டு, கல் இருந்தது, என் பொய்யால் போனது என்று விசாரணைக்கு எழுதிக்கொடுப்பேன். அதை யார் ஏற்றுக்கொள்வார்கள், தெரியவில்லை. அறிக்கையின் நகலை முத்திரையோடு வாங்கி இருபத்தைந்துக்குள் அனுப்பு. வெந்நீர் குடி. எங்கிருந்தாலும் நீ நோயில்லாமல் நிறைவாக இருக்கவேண்டும். மாமாவுக்கு மட்டும் நீ போன் செய்துவிடாதே, என் வாயால்தான் அவன் கேட்கவேண்டும்.

உன் அம்மா,
மா. அம்சவள்ளி