குன்றின் மேல் ஒரு தேவாலயம்

அப்பாவுக்கு,

கல்யாணத்துக்கு இரண்டு தேவாலயங்களைப் பார்த்தோம். குனோங் ராபாட்டில் இருப்பது நம் வீட்டுக்குப் பக்கம். சக்கர நாற்காலி பீடம்வரை போகும். நான் சிலிம் ரிவரில், குன்றின் மேல் இருப்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். படிகள் செங்குத்தானவை.

என் கையைப் பிடித்து அழைத்துப்போகத் தினமும் பொய்க்காலில் நடந்து பழகுகிறீர்களாம். அம்மா சொன்னார். வேண்டாம், அக்கா அழைத்துப்போவாள்.

கால் போன பிறகு உங்களுக்கு மதம் பெரிதாகத் தெரியவில்லை. கால் இருந்த நாளில், ஒரு கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்ட அக்கா கைப்பிள்ளையோடு மழையில் வந்து நின்றபோது, கேட்டைத் திறக்காமலே சொன்னீர்கள்: "உள்ள வராத. சொல்ல வேண்டியத அங்கேயே நின்னு சொல்லு."

படிக்குக் கீழே ரம்புத்தான் மரம் இருக்கிறது, நல்ல நிழல். வாழ்த்த வேண்டியதை அங்கேயே இருந்து வாழ்த்துங்கள்.

உங்கள் சின்ன மகள்